தலைக்காயமும் உறையாத குருதியும்: குர்துபா முதல் இன்றைய அவசரப் பிரிவு வரை



ஃபஜ்ருக்கு எழுந்த பெரியவர் ஒருவர் ஒளு செய்யும் இடத்தில் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னந்தலை சுவரில் இடிக்கிறது. சிறு வீக்கம் மட்டுமே தெரிகிறது, இரத்தம் வரவில்லை. "ஒன்றுமில்லை" என்று கூறித் தொழுகையை முடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். லுஹருக்கு எழுப்பும்போது அவருடைய பேச்சுக் குழறுகிறது. பிள்ளைகள் பதறி மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். அவசரப் பிரிவு மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று இதுதான்: "இரத்தம் கட்டாமல் இருப்பதற்கு மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறாரா?" உடன் வந்த மகனுக்குத் தெரியவில்லை. மாத்திரைச் சீட்டு வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இது எவருடைய வீட்டிலும் நிகழக்கூடியது. அந்த மருத்துவர் ஒருபுறம் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார். மறுபுறம் இளநீல மூடியுள்ள ஒரு சிறு குழாயில் இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கூடத்திற்கு அனுப்புவார். இரத்தம் எத்தனை விநாடியில் உறைகிறது என்பதை அறியும் பரிசோதனைக்காக எடுக்கப்படும் இரத்தம் அது. அந்தச் சிறு குழாய்க்குப் பின்னால் நெடியதொரு வரலாறு உண்டு. அதன் ஆரம்பப் பக்கங்களில் ஒன்றை எழுதியவர் அந்தலூஸைச் சேர்ந்த முஸ்லிம் மருத்துவர் ஒருவர் என்பதும், மூளைக்கும் குருதி உறைதலுக்கும் இடையே எதிர்பாராத ஓர் உறவு இருக்கிறது என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

குர்துபா மருத்துவரின் வியப்பு

அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், ஏறத்தாழ கி.பி. 936ஆம் ஆண்டில், குர்துபா நகரையொட்டி எழுந்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தவர். ஐரோப்பியர்கள் அவரை அல்புகாசிஸ் என்று அழைத்தார்கள். அவர் தம் வாழ்நாள் அனுபவத்தைத் திரட்டி எழுதிய 'அத்தஸ்ரீஃப்' என்னும் நூல் முப்பது பகுதிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதியாகிய அறுவை மருத்துவம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்களுக்கு வழிகாட்டியது.

அந்த அறுவை மருத்துவப் பகுதியில் மண்டையோட்டு முறிவுக்கான சிகிச்சையும் இடம்பெறுகிறது. எலும்பு உடைந்து உள்ளே அழுத்தும்போது அதைச் சுற்றித் துளையிட்டு அகற்றும் முறையை அவர் விளக்குகிறார். துளையிடும் கருவி எலும்பைக் கடந்து மூளையின் உறையைக் கிழித்துவிடக் கூடாது என்பதற்காக, குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் இறங்காதபடி விளிம்பு வைத்த துளைப்பான்களையும் அவர் குறிப்பிடுகிறார். தலைக்காயத்தில் காயத்தைவிடச் சிகிச்சையே ஆபத்தாகிவிடக் கூடும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அதே நூலில் வேறோரிடத்தில் அவர் ஒரு கிராமத்தைப் பற்றி எழுதுகிறார். அவ்வூரின் ஆண்களுக்குப் பெரிய காயம் ஏதும் ஏற்பட்டால் இரத்தம் நிற்காமல் வழிந்து இறந்துவிடுகிறார்கள் என்று அவ்வூரார் அவரிடம் தெரிவித்தார்கள். ஈறுகளைக் கையால் தேய்த்த சிறுவன் ஒருவன் இரத்தம் நிற்காமல் மாண்டான். இரத்தம் எடுக்கும் சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கும் அதுவே நேர்ந்தது. முன்னோர் நூல்களில் இத்தகைய நோயைத் தாம் படித்ததில்லை என்றும், இதன் காரணம் தமக்குத் தெரியவில்லை என்றும், தமக்கு இது பெரும் வியப்பாக இருக்கிறது என்றும் அவர் ஒளிவின்றி எழுதினார். இரத்தம் வழியும் இடத்தைச் சூடிட்டு நிறுத்திப் பார்க்கலாம் என்று கருதினார். ஆனால் அதைத் தாம் செய்து பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார்.

இன்று ஹீமோஃபிலியா என்று அழைக்கப்படும் பரம்பரை நோயைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளுள் ஒன்றாக இதை வரலாற்றாசிரியர்கள் மதிக்கிறார்கள். அஸ்ஸஹ்ராவியிடம் பரிசோதனைக்கூடமோ கண்ணாடிக் குழாயோ கிடையாது. குடும்பத்தாரிடம் கேட்டார், அவர்கள் சொன்னதை மதித்துக் காது கொடுத்தார், அறியாததை அறியேன் என்று எழுதினார். குருதி உறைதல் பற்றிய முதல் பரிசோதனை, நோயாளியின் வீட்டாரிடம் கேட்ட கேள்வியாகவே இருந்தது. கட்டுரையின் இறுதியில் இந்தச் செய்திக்கு மீண்டும் வருவோம்.

விநாடிகளை எண்ணத் தொடங்கிய காலம்

காயம்பட்ட இடத்தில் குருதி ஏன் உறைகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1834ஆம் ஆண்டில் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் தெ பிளான்வீல் ஒரு சோதனை செய்தார். மூளைத் திசுவைக் கரைத்து விலங்குகளின் இரத்த நாளத்தில் செலுத்தினார். அவை உடனடியாக இறந்தன. நாளங்களுக்குள்ளேயே இரத்தம் உறைந்துவிட்டிருந்தது. மூளைத் திசுவில் குருதியை உறையவைக்கும் வலிமையான பொருள் ஒன்று இருக்கிறது என்பதற்கு அது முதற்சான்று. அதன் முழுப் பொருள் விளங்க மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1890இல் பிரான்சில் அர்த்தூஸ், பாஜேஸ் ஆகிய இருவரும் இரத்தம் உறைவதற்குச் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் தேவை என்று காட்டினர். கால்சியத்தைப் பிடித்து வைத்துவிட்டால் இரத்தம் உறையாது. மீண்டும் சேர்த்தால் உறையும். இன்றைய இளநீல மூடிக் குழாயில் இருக்கும் சிட்ரேட் உப்பு செய்வதும் இதைத்தான். பரிசோதனைக்கூடத்தை அடையும்வரை இரத்தத்தை உறையவிடாமல் அது காக்கிறது. அங்கே கால்சியத்தைச் சேர்த்த நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

1905இல் ஜெர்மானிய மருத்துவர் பவுல் மொராவிட்ஸ் இதுவரை அறிந்தவற்றை ஒரே கோவையாக்கினார். காயமுற்ற திசுவிலிருந்து ஒரு பொருள் வெளிப்படுகிறது. கால்சியத்தின் துணையோடு அது இரத்தத்திலுள்ள புரோத்ராம்பினைத் திராம்பினாக மாற்றுகிறது. திராம்பின், கரைந்த நிலையிலுள்ள ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரின் என்னும் நார்வலையாக்குகிறது. அந்த வலையில் இரத்த அணுக்கள் சிக்கிக் கட்டியாகின்றன. பின்னாளில் இச்சங்கிலியில் மேலும் பல கண்ணிகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஆயினும் இந்த அடிப்படை மாறவில்லை.

இதற்குப் பிறகு நோயாளியின் படுக்கையருகே செய்யத்தக்க எளிய பரிசோதனைகள் வந்தன. 1910இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டியூக் காதுமடலில் சிறு கீறல் இட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றுத்தாளால் ஒற்றி எடுத்து, இரத்தம் நிற்கும் நேரத்தைக் கணக்கிட்டார். அது முதன்மையாகத் தட்டணுக்களின் திறனைக் காட்டும் பரிசோதனை. 1913இல் ரோஜர் லீ, பவுல் டட்லி ஒயிட் ஆகிய இருவரும் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை இட்டு, அவ்வப்போது சாய்த்துப் பார்த்து, அது அசையாமல் உறையும்வரை நிமிடங்களை எண்ணினர். பல பத்தாண்டுகள் உலகெங்கும் மருத்துவமனைகளில் இதுவே நடைமுறையில் இருந்தது. பவுல் டட்லி ஒயிட்டின் பெயரை நினைவில் கொள்க; அவர் இந்த வரலாற்றில் இன்னொரு முறை வருகிறார்.

முயலின் மூளையும் கெட்டுப்போன வைக்கோலும்

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அர்மண்ட் குவிக் என்ற மருத்துவ ஆய்வாளர் ஒரு புதிய பரிசோதனையை வெளியிட்டார். உறையாமல் பிடித்துவைத்த இரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்தெடுத்து, அதில் முயலின் மூளையிலிருந்து தயாரித்த திராம்போபிளாஸ்டின் என்னும் பொருளையும் கால்சியத்தையும் சேர்த்தார். நலமுள்ளவரின் இரத்தம் சுமார் 12 விநாடிகளில் உறைந்தது. கல்லீரல் பழுதடைந்தவர்களுக்கும் வைட்டமின் கே குறைந்தவர்களுக்கும் நேரம் நீண்டது. இதுவே புரோத்ராம்பின் நேரம் என்னும் பரிசோதனை; அறிக்கைகளில் 'பி.டி.' என்று சுருக்கமாக எழுதப்படுவது இதுவே. குருதியை விரைந்து உறையவைக்க மிகச் சிறந்த பொருளைத் தேடியபோது, தெ பிளான்வீல் கையிலெடுத்த அதே மூளைத் திசுவைத்தான் குவிக்கும் நாடினார்.

அக்காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் மாடிசன் நகரில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட டகோட்டாவிலும் மாடுகள் காரணமின்றி இரத்தப்போக்கால் மடிந்தன. ஈரத்தில் பூசணம் பிடித்த 'ஸ்வீட் குளோவர்' என்னும் தீவன வைக்கோலே காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1933ஆம் ஆண்டு பிப்ரவரியில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் பனிப்புயலினூடே வண்டியோட்டி, இறந்த கன்றையும், அந்த வைக்கோலையும், பால் பாத்திரம் நிறைய உறையாத இரத்தத்தையும் எடுத்துக்கொண்டு வேதியியல் அறிஞர் கார்ல் பவுல் லிங்கின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆறாண்டு உழைப்புக்குப் பின் 1939இல் லிங்கின் குழுவினர் அந்த வைக்கோலிலிருந்து டைகூமரால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். வைட்டமின் கே-யின் பணியைத் தடுத்து, கல்லீரல் உறைபொருள்களைச் சரிவர உருவாக்க விடாமல் செய்வதே அதன் இயல்பு.

அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் அது மனிதர்களுக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. அடுத்த ஆண்டே அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டபோது அந்த மருந்து கொடுக்கப்பட்டது. அவருக்குச் சிகிச்சையளித்த இதய மருத்துவர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் கண்ணாடிக் குழாயைச் சாய்த்து நிமிடங்களை எண்ணிய அதே பவுல் டட்லி ஒயிட். இரத்தம் கட்டாமல் இருக்கத் தரப்படும் மாத்திரைகள் குறித்து மக்களிடமிருந்த அச்சம் அதன்பின் பெரிதும் குறைந்தது. இன்று நம் வீடுகளில் இதய வால்வு மாற்றியவர்களும், இதயத் துடிப்பு சீரற்றவர்களும் உட்கொள்ளும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

மருந்தின் அளவு சற்றுக் கூடினால் இரத்தப்போக்கு, குறைந்தால் இரத்தக்கட்டி. எனவே குவிக்கின் பரிசோதனை இம்மருந்தை உட்கொள்வோருக்கு வாழ்நாள் துணையாயிற்று. ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் வெவ்வேறு மூளைச் சாற்றைப் பயன்படுத்தியதால், ஒரே இரத்தம் ஓர் ஊரில் 18 விநாடி, மற்றோர் ஊரில் 25 விநாடி என்பதுபோல வேறுபட்ட விடைகளைத் தந்தது. இதைத் தீர்க்க 1983இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்னும் பொது அளவுகோலை நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொரு நிறுவனத்தின் வேதிப்பொருளும் ஒரு பொது அடிப்படைப் பொருளோடு ஒப்பிடப்பட்டு, அதற்கேற்ப விடை திருத்தப்படுகிறது. முதன்முதலில் அந்த அடிப்படைப் பொருளாக வைக்கப்பட்டது மனித மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்டது. நலமுள்ளவருக்கு ஐ.என்.ஆர். ஏறத்தாழ 1, வார்ஃபரின் உட்கொள்பவருக்குப் பெரும்பாலும் 2 முதல் 3 வரை இருக்குமாறு மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

மூளை காயமுறும்போது

தலைக்காயத்தின் உள்ளே நிகழ்வதை இப்போது எளிதில் புரிந்துகொள்ளலாம். உடலிலேயே குருதியை உறையவைக்கும் பொருள் மிகுந்த உறுப்புகளுள் ஒன்று மூளை. அதை இரத்த ஓட்டத்திலிருந்து பிரித்துவைக்கும் அரண் நலமாக இருக்கும்வரை தொல்லையில்லை. பலத்த அடியில் மூளைத் திசு சிதையும்போது, ஆய்வுக்கூடக் குழாயில் விநாடிக் கணக்கில் நடப்பது நோயாளியின் உடலுக்குள்ளேயே நடக்கத் தொடங்குகிறது. மூளையிலிருந்து கசியும் பொருள் இரத்தத்தில் கலந்து, ஆங்காங்கே நுண்ணிய கட்டிகளை உண்டாக்குகிறது. அப்பணியில் ஃபைப்ரினோஜெனும் தட்டணுக்களும் செலவழிந்து தீர்ந்துபோகின்றன. உருவான கட்டிகளைக் கரைக்கும் இயல்பான ஏற்பாடும் மிகையாக விழித்துக்கொள்கிறது. முடிவில், உண்மையாகவே இரத்தம் நிற்க வேண்டிய இடத்தில், அதாவது மூளைக்குள், அதை நிறுத்த உறைபொருள்கள் எஞ்சியிருப்பதில்லை.

1974ஆம் ஆண்டில் ஸ்காட் குட்நைட், சாமுவேல் ராப்பபோர்ட் உள்ளிட்ட அமெரிக்க மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதை எடுத்துக்காட்டினர். மூளைத் திசு சிதைந்த தலைக்காய நோயாளிகளிடம் ஃபைப்ரினோஜென் முதலியவை குன்றியிருப்பதையும், திசு சிதையாத தலைக்காயத்தில் அவ்வாறு நேராததையும் அவர்கள் ஒப்பிட்டுக் கண்டனர். தெ பிளான்வீலின் விலங்குகளுக்கு நேர்ந்தது மெதுவாக மனிதனுக்கும் நேர்கிறது என்பது நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தெளிவாயிற்று.

அதே ஆண்டில்தான் பிரிட்டனின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் ஆகியோர் நோயாளி கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகியவற்றைக் கொண்டு நினைவு நிலையை 3 முதல் 15 வரை மதிப்பிடும் முறைக்கு அடித்தளமிட்டனர். அதற்குச் சற்று முன்னர், 1971இல், ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்திருந்தது. இம்மூன்றும் சேர்ந்த பிறகே தலைக்காயத்தின் முழு வரலாறும் கண்ணுக்குத் தெரிந்தது. முதல் ஸ்கேனில் சிறு புள்ளியாகத் தெரிந்த இரத்தக்கசிவு, சில மணி நேரத்தில் எடுத்த இரண்டாம் ஸ்கேனில் பெரிதாகியிருந்ததை மருத்துவர்கள் கண்டனர். உறைதல் பரிசோதனையில் கோளாறு தென்பட்டவர்களிடமே இது அதிகம் நேர்ந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூளைக்காயம் அடைந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இக்கோளாறு இருப்பது தெரியவந்தது. அவர்களிடையே இறப்பும் மிகுதியாக இருந்தது.

முதலில் கூறிய பெரியவருக்கு வருவோம். அவருக்கு மூளை பெரிதாகச் சிதையவில்லை. ஆனால் அவர் உட்கொண்ட மாத்திரை, உறைபொருள்களை முன்னரே குறைத்துவைத்திருந்தது. இளைஞர் ஒருவருக்குத் தானாகவே நின்றுவிடக்கூடிய சிறு கசிவு, அவருக்கு ஆறு மணி நேரம் ஓசையின்றித் தொடர்ந்தது. முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால் மண்டையோட்டுக்குள் இடைவெளி கூடுகிறது. ஆகவே இரத்தம் தேங்கினாலும் அறிகுறி உடனே தோன்றுவதில்லை. "ஒன்றுமில்லை" என்று அவர் கூறியது பொய்யன்று. அந்நேரத்தில் அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை.

ஒரு பரிசோதனை ஒரு கேள்விக்கே விடை தரும்

பி.டி. பரிசோதனை இவ்வளவு பயனுடையது எனினும் அது எல்லாவற்றையும் காட்டிவிடாது. அஸ்ஸஹ்ராவி கண்ட கிராமத்தாருக்கு இருந்தது ஹீமோஃபிலியாவே எனில், குவிக்கின் பரிசோதனையில் அவர்களுடைய இரத்தம் இயல்பாகவே 12 விநாடிகளில் உறைந்திருக்கும். ஏனெனில் அந்நோயில் குறைவுபடும் உறைபொருளை அப்பரிசோதனை தொடுவதில்லை. அதைக் காட்டும் இன்னொரு பரிசோதனையின் முன்வடிவம் 1953இல் வட கரோலினாவில் உருவானது, இன்று 'ஏ.பி.டி.டி.' என்று அறிக்கையில் பி.டி.க்கு அருகில் காணப்படுவது அதன் வளர்ந்த வடிவம். தட்டணுக்களின் எண்ணிக்கை வேறொரு பரிசோதனை. ஃபைப்ரினோஜென் அளவு மற்றொன்று. தட்டணுக்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருந்தாலும், ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல் உட்கொள்பவரின் தட்டணுக்கள் ஒட்டும் திறன் குன்றியிருக்கும். எண்ணிக்கை அதைக் காட்டாது.

இக்குறையை ஓரளவு போக்கும் கருவியை 1948இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஹெல்முட் ஹார்ட்டெர்ட் வடிவமைத்தார். ஒரு சிறு கிண்ணத்தில் முழு இரத்தத்தை இட்டு, அதற்குள் ஓர் ஊசியைத் தொங்கவிட்டு, கிண்ணத்தை மெல்ல இருபுறமும் திருப்புவார்கள். இரத்தம் உறைய உறைய ஊசியும் சேர்ந்து அசையும். கட்டி எப்போது தொடங்குகிறது, எவ்வளவு வலுவாகிறது, எப்போது கரைகிறது என்பதெல்லாம் ஒரே வரைபடத்தில் தெரியும். திராம்போஎலாஸ்டோகிராம் எனப்படும் இம்முறை பல பத்தாண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்து, பின்னர் கல்லீரல் மாற்று அறுவையிலும் விபத்துச் சிகிச்சையிலும் இடம்பிடித்தது. எதை ஏற்றினால் இரத்தம் நிற்கும் என்பதை விரைந்து முடிவுசெய்ய இன்று பெரிய விபத்துச் சிகிச்சை மையங்கள் இதை நாடுகின்றன.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் பரவலாகிவிட்டன. இவற்றுக்கு மாதந்தோறும் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை என்பது நோயாளிக்கு வசதி. அதே வசதி அவசரப் பிரிவில் இடையூறாகவும் மாறக்கூடும். இம்மாத்திரைகளின் வீரியத்தைச் சாதாரண ஐ.என்.ஆர். நம்பத்தக்க முறையில் காட்டுவதில்லை. அறிக்கை இயல்பாக வந்து, நோயாளியின் இரத்தம் மட்டும் உறைய மறுக்கலாம். வார்ஃபரினுக்கு வைட்டமின் கே-யும் உறைபொருள் செறிவும் மாற்று. டாபிகாட்ரானுக்கு 2015இல் ஒப்புதல் பெற்ற தனி மாற்று மருந்து உண்டு. எந்த மாத்திரை என்று தெரியாமல் எந்த மாற்றைத் தருவது?

அறிக்கைக்குக் காத்திராமல் தரத்தக்க மருந்து ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. ஜப்பானில் ஷோசுகே ஒகமோட்டோ, அவருடைய துணைவியார் உட்டாகோ ஒகமோட்டோ ஆகியோர் 1962இல் அறிவித்த டிரானெக்ஸாமிக் அமிலம், உருவான இரத்தக்கட்டி முன்கூட்டியே கரைவதைத் தடுக்கிறது. தலைக்காயத்தில் அதன் பயனை அறியப் பாகிஸ்தான், பிரிட்டன் உட்பட 29 நாடுகளின் 175 மருத்துவமனைகளில் 12,737 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து, 2019இல் அதன் முடிவு வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பயன் உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் மிதமான காயமுடையோருக்கு, அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் தரப்பட்டபோது, தலைக்காயத்தால் நேரும் இறப்பு குறைந்தது. தாமதமாகத் தாமதமாகப் பயனும் தேய்ந்தது. அப்பெரியவர் ஃபஜ்ருக்கும் லுஹருக்கும் இடையே உறங்கிக் கழித்த நேரம் எத்தகையது என்பதை இது காட்டுகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரத்தக்கசிவு நின்றபின் நாட்கணக்கில் அசையாமல் படுத்திருக்கும் அதே நோயாளிக்குக் கால் நரம்புகளில் இரத்தம் கட்டி, அது நுரையீரலை அடைத்துவிடும் அபாயம் உண்டு. அப்போது இரத்தம் உறையாமல் காக்கும் ஊசியை மருத்துவரே தொடங்குவார். "நேற்று உறையவைக்க மருந்து கொடுத்தார்கள், இன்று உறையாமல் இருக்கக் கொடுக்கிறார்களே" என்று குடும்பத்தார் குழம்ப வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஸ்கேனையும் பரிசோதனைகளையும் பார்த்து எடுக்கப்படும் முடிவு அது.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

ஆயிரம் ஆண்டுகளில் குருதியை அறியும் வழிகள் இவ்வளவு வளர்ந்த பின்னரும், அஸ்ஸஹ்ராவி கிராமத்தாரிடம் கேட்டறிந்த அந்த முதல் வழி பயனிழந்துவிடவில்லை. புதிய மாத்திரைகளின் காலத்தில் அது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. ஆய்வுக்கூடத்தால் விரைந்து சொல்ல முடியாததை வீட்டிலுள்ளவர்கள் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

ஆகவே, வீட்டில் எவரேனும் இத்தகைய மாத்திரை உட்கொண்டால் அதன் பெயரையும் அளவையும் உட்கொள்ளும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி அவருடைய பணப்பையில் வையுங்கள். அதன் படம் ஒன்று பிள்ளைகளின் கைப்பேசியிலும், மருமக்களின் கைப்பேசியிலும் இருக்கட்டும். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் செல்வோர் அதைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அவர் விழுந்து தலையில் அடிபட்டால், காயம் எவ்வளவு சிறிதாயினும் அன்றே, அப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். இத்தகையோருக்கு வேறு அறிகுறி இல்லாவிடினும் சி.டி. ஸ்கேன் எடுப்பதைப் பரிசீலிக்குமாறு பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. கடைசியாக மாத்திரை உட்கொண்டது எப்போது, விழுந்தது எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் தவறாமல் சொல்லுங்கள். வாந்தி, தீராத தலைவலி, மிகை உறக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

ஹிஜாமா செய்துகொள்ள விரும்புவோருக்கும் ஒரு சொல். இரத்தம் எடுத்தபின் நிற்காமல் இறந்த ஒருவரைப் பற்றி அஸ்ஸஹ்ராவியின் குறிப்பில் படித்தோம். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்பவரும், குடும்பத்தில் இரத்தப்போக்கு நோய் உள்ளவரும் முதலில் தம் மருத்துவரிடம் கேட்க வேண்டும்; ஹிஜாமா செய்பவரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இவற்றைப் படித்துவிட்டு அச்சத்தால் எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். வால்வு மாற்றியவர் மாத்திரையை நிறுத்தினால் வால்விலேயே இரத்தம் கட்டக்கூடும். இதயத் துடிப்பு சீரற்றவர் நிறுத்தினால் பக்கவாதம் நேரக்கூடும். அம்மாத்திரை இலட்சக்கணக்கானோரைக் காத்துவருகிறது. அதன் பெயரை வீட்டார் அறிந்திருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இன்றிரவு இஷாவுக்குப் பின் உங்கள் வாப்பாவிடமோ உம்மாவிடமோ அமர்ந்து, அவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கால் மணி நேரப் பணிதான். அவர்களோடு பேசிக்கொண்டிருக்க அது ஒரு வாய்ப்பாகவும் அமையும். வல்ல இறைவன் நம் பெற்றோருக்கும் பெரியோருக்கும் பூரண நலத்தையும் நீண்ட ஆயுளையும் வழங்குவானாக. ஆமீன்.